ஒரு தொப்பிக்கு ஐம்பத்தொரு வருஷம்

போன கோடையில் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் முதன்முதலாக ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். ஆசைப்பட்டெல்லாம் போகவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது, டிக்கெட் என் கைக்கு வந்தது. ஓசி டிக்கெட்டை வேண்டாம் என்று சொன்ன மாணவன் இதுவரை பிறக்கவில்லை :)

மூன்றாவது இன்னிங்ஸ். பேட்டர் அடித்த பந்து கோணலாகத் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்து வந்தது. கையிலிருந்த பாப்கார்ன் பறக்க, சீட்டுக்கு அடியில் போய்விட்டேன். 'தம்'மென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் முன்னால் கண்ணுக்கே தெரியாத மாதிரி மெல்லிசாக ஒரு வலை. பந்து அதில் பட்டுக் கீழே விழுந்து கிடந்தது. பக்கத்து சீட்டில் பென்சிலும் கையுமாக ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தாத்தா அசையவே இல்லை. "பயப்படாதே, வலை இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த இடத்தில் வலை கிடையாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது. வலை எப்போது வந்தது? ஏன் வந்தது? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்து, ஒரு மாதம் படிக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு பேஸ்பால் வரலாறு படித்தேன். (எங்கள் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, தைரியமாக எழுதலாம்.)

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பேஸ்பால் என்றால் ஏதோ ஆதிகாலம் முதல் இப்படியே இருந்த ஆட்டம் மாதிரி ஒரு நினைப்பு. அப்படியே இல்லை. 1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் விதிகளை எழுதி வைத்தபோது, முதலில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அவுட் ஆக்குவதைத் தடை செய்தது. அதற்கு முன்னால் பல ஊர்களில் நம் எறிபந்து மாதிரி முதுகிலேயே ஒன்று வைத்து அனுப்பிவிடுவார்கள்! அந்த விதிகளில் ஒன்பது இன்னிங்ஸ் கிடையாது. யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். தரையில் ஒரு தடவை குத்தி எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட். ஒன்பது இன்னிங்ஸும், பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி தூரமும் 1857-ல்தான் உறுதியாயின.

பந்து எறிகிற பிட்சரின் கதை இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்தில் அவர் கையைத் தாழ்த்தித்தான் போட வேண்டும். பேட்டருக்கு ராஜ மரியாதை. "எனக்கு உயரமாகப் போடு", "தாழ்வாகப் போடு" என்று கேட்டு வாங்கலாம், ஹோட்டலில் தோசை முறுகலா சாதாவா என்று சொல்கிற மாதிரி. இந்த உரிமை 1887-ல்தான் போனது. அதற்கு முன்பே, 1884-ல், கையைத் தலைக்கு மேலே தூக்கி எறிய நேஷனல் லீக் அனுமதித்துவிட்டது. பந்து வேகமாக வர ஆரம்பித்ததும் பேட்டர்கள் திணறினார்கள். உடனே 1893-ல் எறியும் தூரத்தைப் பின்னால் தள்ளி 60 அடி 6 அங்குலம் ஆக்கினார்கள். இன்றும் அதே தூரம்தான். நேஷனல் லீக்கின் பேட்டிங் சராசரி 1892-ல் .245, தூரம் மாறிய 1893-ல் .280, அடுத்த வருஷம் .309. ஒரே கோட்டை மாற்றி வரைந்ததற்கு இத்தனை பலன்.

பேட்டும் அப்படித்தான். 1885 முதல் 1893 வரை ஒரு பக்கம் தட்டையான பேட்டை வைத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட நம் கிரிக்கெட் பேட்டின் சித்தப்பா பையன் மாதிரி. பிறகு உருண்டைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஹோம் பிளேட் ஐந்து பக்கம் கொண்டதாக மாறியது 1900-ல். முனைகளில் பந்து பட்டதா இல்லையா என்று அம்பயர் பார்க்க வசதியாக இருந்ததாம்.

மைதானத்துக்கு மட்டும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. 1912-ல் திறந்த ஃபென்வேயில் இடதுபக்கச் சுவர் 310 அடியில் நிற்கிறது, அதனால் 37 அடி உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பச்சை பெயிண்ட் அடித்த அந்தச் சுவருக்குப் பெயர் 'கிரீன் மான்ஸ்டர்', பச்சைப் பூதம். ஏன் இவ்வளவு கிட்டத்தில் என்றால், அந்தப் பக்கம் தெரு! இருந்த இடத்துக்குள் மைதானத்தைத் திணித்தார்கள். 1958-க்குப் பிறகு கட்டும் மைதானங்களுக்குத்தான் குறைந்தபட்ச தூரம் 325 அடி என்று விதி வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் கதை. 1965-ல் கூரை போட்ட மைதானம் கட்டினார்கள். உள்ளே நிஜப் புல் வளர வெயில் வேண்டுமே என்று கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகள் வைத்தார்கள். அந்தக் கூச்சத்தில் ஃபீல்டர்களுக்கு மேலே போன பந்து தெரியவில்லை. சரி என்று தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். புல் செத்துப்போனது. சரி என்று 1966-ல் பிளாஸ்டிக் புல் போட்டார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஒரு பிரச்சினையைத் தீர்க்கப்போய் இன்னொன்று, அதைத் தீர்க்கப்போய் மூன்றாவது. என் புராஜெக்ட் கோடு எழுதுகிற மாதிரியே இருக்கிறது.

1968-க்கு வாருங்கள். அந்த வருஷம் பிட்சர்கள் பேட்டர்களைக் கொன்று எடுத்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி 1.12 ரன்தான் கொடுத்தார். அமெரிக்கன் லீக்கில் .301 அடித்தவருக்கே முதலிடம். லீக் நிர்வாகம் என்ன செய்தது? அக்டோபரில் சீசன் முடிந்தது, டிசம்பரில் முடிவெடுத்துவிட்டார்கள். பிட்சர் நிற்கிற மண்மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 ஆனது. இரண்டே மாதம்! 2023-ல் ஆட்டம் ரொம்ப இழுக்கிறது என்று பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். யாரும் பேஸில் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறிய ஆரம்பிக்க வேண்டும். ஒரே சீசனில் ஆட்ட நேரம் சராசரியாக 24 நிமிஷம் குறைந்தது.

ரன் குறைந்தால், நேரம் கூடினால், இவ்வளவு சுறுசுறுப்பு. இப்போது மற்ற பக்கத்தைப் பாருங்கள்.

1875-ல் சார்லி வெயிட் என்ற ஆட்டக்காரர் கையில் மெல்லிய தோல் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முன் பெரும்பாலும் வெறுங்கைதான். விரல்கள் ஒடிந்து வளைந்து போனவர்கள் ஏராளம். வெயிட் போட்டிருந்த கிளவுஸ் தோல் நிறத்தில் இருந்தது. ஏன் தெரியுமா? யாருக்கும் தெரியக்கூடாது என்று! கை வலிக்கிறது என்று ஒத்துக்கொள்ள அவ்வளவு வெட்கம். 1870-களின் பின்பாதியில் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிரெட் தேயர் வாள்சண்டை முகமூடியை மாற்றி கேட்சருக்கு முகமூடி செய்தபோதும் கிண்டல். 1907-ல் நியூயார்க் ஜயண்ட்ஸின் ரோஜர் பிரெஸ்னஹன் காலில் தடுப்பு கட்டிக்கொண்டு வந்தபோதும் கிண்டல். இன்று அது இல்லாமல் ஒரு கேட்சரும் உட்கார மாட்டார்.

பிறகு 1920 ஆகஸ்ட் 16. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். கிளீவ்லாந்தின் ரே சாப்மன் பேட்டிங். யாங்கீஸின் கார்ல் மேஸ் கையைத் தரையோடு தாழ்த்தி எறிகிறவர். அந்தக் காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறிக் கறுத்துப்போகும் வரை வைத்து ஆடுவார்கள். சாப்மன் நகரவே இல்லை, பந்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. தலையில் பட்ட சத்தத்தைக் கேட்டு, பேட்டில் பட்டது என்று நினைத்து மேஸ் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாராம். மறுநாள் அதிகாலை சாப்மன் இறந்துபோனார். வயது 29. மேஜர் லீக் ஆட்டத்தில் பிட்சரின் பந்து பட்டு இறந்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்ற ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் தலைக்கு? ஒன்றும் இல்லை. 1937-ல் டெட்ராய்ட்டின் மிக்கி காக்ரேனுக்கு மண்டை உடைந்து ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அப்போதும் இல்லை. 1950-களில் பிட்ஸ்பர்க் அணி ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தது, அதையும் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்ற விதி வந்தது 1971-ல். சாப்மன் இறந்து ஐம்பத்தொரு வருஷம் கழித்து! அதிலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்கு. பாஸ்டனின் பாப் மாண்ட்கோமரி 1979 வரை ஹெல்மெட் இல்லாமலே ஆடிவிட்டுப் போனார்.

ஹெல்மெட் போட்டாலும் காது, கன்னம் எல்லாம் திறந்தே இருந்தது. 1967-ல் இதே ஃபென்வேயில் டோனி கோனிக்லியாரோவின் இடது கன்னத்தில் பந்து பட்டது. 22 வயது. கன்ன எலும்பு உடைந்து, விழித்திரை சேதமாகி, அடுத்த வருஷம் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்து நன்றாகவே அடித்தார், ஆனால் கண் கடைசியில் கைவிட்டுவிட்டது. பக்கத்து சீட்டு தாத்தாவிடம் இவரைப் பற்றிக் கேட்டேன். "ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்" என்றார், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்குக் காது மூடிய ஹெல்மெட் கட்டாயமானது 1983-ல். 2007-ல் பேஸ் பக்கத்தில் நின்ற மைக் கூல்பா என்ற பயிற்சியாளர் ஒரு மைனர் லீக் ஆட்டத்தில் பந்து பட்டு இறந்த பிறகுதான் 2008-ல் அந்தப் பயிற்சியாளர்களுக்கு ஹெல்மெட். 2017-ல் யாங்கீ ஸ்டேடியத்தில் பார்க்க வந்த ஒரு சின்னக் குழந்தைக்கு அடிபட்ட பிறகுதான், 2018-ல் முப்பது அணிகளும் வலையை நீட்டி முடித்தன. என் முகத்தைக் காப்பாற்றியது அந்தக் குழந்தையின் காயம்.

இதையெல்லாம் வெறும் ஆராய்ச்சியாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ப்ளஸ் டூ முடித்த வருஷம், எங்கள் ஊர் பொங்கல் டோர்னமென்டுக்கு முந்தின நாள் பிராக்டீஸ். கார்க் பால். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பேட்டிங். நான் பவுலிங். கிட் பையில் ஒரு பழைய ஹெல்மெட் இருந்தது. அண்ணன் அதை எடுத்து மாட்டப் போனார். "என்னண்ணே, தம்பி பந்துக்கே ஹெல்மெட்டா?" என்று கத்தினேன். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே அதைக் கீழே வைத்துவிட்டார்.

நாலாவது பந்து வெடித்த தரையில் பட்டு எகிறியது. இடது கண்.

மதுரைக்குக் கொண்டுபோய், இரண்டு ஆபரேஷன். கண் இருக்கிறது, பார்வை பாதிதான். அண்ணன் போலீஸ் தேர்வுக்கு மூன்று வருஷமாகக் காலையில் நாலரை மணிக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தவர். கண் பரிசோதனையில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். "கிரவுண்டுல அடிபடுறதுக்கு யாருடா பொறுப்பு" என்பார். பந்து எகிறியதற்கு நான் பொறுப்பில்லைதான். ஆனால் அந்தக் கிண்டல் என்னுடையது.

அதனால்தான் இந்த வரலாற்றைப் படிக்கும்போது கார்ல் மேஸை விட, பெயர் தெரியாத அந்தச் சிரித்த கூட்டம்தான் என்னை உறுத்தியது. ஹெல்மெட் செய்வது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தகடும் பஞ்சும் 1920-லேயே இருந்தன. இல்லாதது, "எனக்கு அடிபடும்" என்று நாலு பேர் முன்னால் சொல்கிற துணிச்சல். அதைச் சொல்லவிடாமல் தடுத்தது நாங்கள்தான், கோட்டுக்கு வெளியே நின்று சிரிக்கிறவர்கள். விதி என்று ஒன்று எதற்கு என்றால், வெட்கப்படுகிறவனுக்கு ஒரு சாக்கு கொடுக்கத்தான். "எனக்குப் பயமில்லை, ரூல் இருக்கிறது, அதனால் போடுகிறேன்" என்று அவன் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் போன வாரம் அண்ணனிடம் போனில் சொன்னேன். ஹெல்மெட்டைப் பற்றியும் சொன்னேன், அன்றைக்கு நான் கத்தினதைப் பற்றியும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்குடா" என்றார். அவ்வளவுதான். அடுத்து டோர்னமென்ட் பேச்சுக்குப் போய்விட்டார். மூன்று வருஷமாக அவர்தான் நடத்துகிறாராம். நோட்டீஸில் ஏழாவது விதி, ஹெல்மெட் இல்லாமல் பேட்டிங் இல்லை. ஹெல்மெட் இரண்டு கடைக் காசில் அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

"பழைய ஆளுங்களுக்கு விலக்கு உண்டாண்ணே, அமெரிக்காவுல மாதிரி?" என்று கேட்டேன்.

"உனக்கே கிடையாதுடா. பொங்கலுக்கு வந்தா போட்டுட்டுத்தான் நிக்கணும்" என்றார்.

டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் கிரவுண்டில் இப்படி எந்த விதி இருக்கிறது, யாருக்கு அடிபட்ட பிறகு வந்தது என்று சொல்லுங்கள். அடுத்த முறை பார்ப்போம்.