பெயருக்குத்தான் சர்வதேசம்

பாகாலா ஜங்ஷனில் காட்பாடி பக்கம் போகும் ரயிலுக்காகக் காத்திருந்தேன். அருகில், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியுடன் ஓர் அம்மாள். குவைத்தில் வீட்டு வேலை. விடுமுறை முடிந்து திரும்புகிறார். விமானம் சென்னையில்.

"ரேணிகுண்டாவிலேயே ஏர்போர்ட் இருக்கிறதே?" என்றேன்.

"பேருக்குத்தான் சார் இன்டர்நேஷனல். ஐதராபாத் போய் மாறணும். பெட்டிக்கு வேற காசு" என்றார், பாதி தெலுங்கில்.

இங்கிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள திருப்பதி விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2015 அக்டோபரில் பிரதமர் மோடி திறந்தார். 2017இல் சர்வதேச அந்தஸ்தும் வந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் வளைகுடாவுக்கு நேர் விமானம் தொடங்கவில்லை. எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு அரசுகளின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது; பளபளக்கும் கட்டடம் அல்ல. நம் நாட்டு நிறுவனங்களோ லாபக் கணக்கு பார்க்கின்றன. அரசிடம் இருந்த ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் டாட்டா கைக்குப் போய்விட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் பாகாலா, சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. அம்மாளின் வழிதான் மாறவில்லை.

ரயில் வந்ததும் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். நல்ல கனம்.

"பொண்ணு போட்ட மாங்காய் ஊறுகாய்" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு வரணும்."