அப்பாவுக்கு இப்போது கவலை ஓட்டும் வயசு

"கிராமத்துல நல்ல காத்து, நல்ல சாப்பாடு, உடம்பு உழைப்பு. இந்த மறதி நோயெல்லாம் உங்க பக்கம் வராதுல்ல?"

போன மாதம் மஞ்சள் வாங்க வந்த சென்னை நண்பர் கேட்டது. திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பா, மூன்றாவது முறையாக, "எந்த ஊருங்க தம்பி? சாப்டீங்களா?" என்று அவரை விசாரித்தார். நண்பர் அதைக் கொங்கு மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

வராமல் என்ன? 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று கணக்குச் சொன்னது. நகரத்தைவிட கிராமத்தில் விகிதம் அதிகம் என்றும் சொன்னது. படிப்பு குறைவு, கவனிக்காத பிரஷர், சுகர், காது மந்தம் இதெல்லாம் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எங்கள் ஊரில் ஒரு வீதியை நடந்து முடிப்பதற்குள் இந்த நாலையும் பார்த்துவிடலாம். நோய் உண்டு, பேர்தான் கிடையாது. 'வயசாயிருச்சு, பொச்சு மறந்துபோச்சு' என்பார்கள். இன்னும் சில ஊர்களில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

அப்பாவுக்கு 80 நடக்கிறது. முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். சந்தையில் ஒரே கத்தரிக்காய்க்கு இரண்டு முறை காசு கொடுத்தார். குவித்துக்கிடக்கும் மஞ்சளைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிற மனுசன் அவர். அம்மா அன்று ராத்திரியே என்னிடம் சொன்னாள், "உங்கப்பாவுக்கு என்னமோ ஆவுது கண்ணு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போலாம்."

கோயமுத்தூர் போனோம். டாக்டர் உடனே எந்தப் பேரும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பி12 அளவு, மூளை ஸ்கேன் எல்லாம் எடுத்தார். தைராய்டு குறைவாலும், பி12 குறைவாலும், எப்போதோ விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும்கூட இப்படி மறதி வருமாம். அதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. அதனால்தான் 'வயசு' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை, அல்சைமர் என்றார். மாத்திரை கொடுத்தார். "இது குணமாக்காது, கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க உதவலாம். மத்ததெல்லாம் வீட்ல நீங்க பாத்துக்கற விதத்துல இருக்கு" என்று நேராகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

விடிகாலை நாலு மணிக்கு அப்பா எழுந்துவிடுவார். "கவலை பூட்டியாச்சா?" என்பார். நகரத்து நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணி இறைப்பது. பெரிய சாலை வடக்கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, ஒரு சோடி எருது சரிவில் இறங்கி இழுத்தால் தண்ணி மேலே வந்து கொட்டும். எங்கள் கிணற்றுக்கு 1972-ல் கரண்ட் வந்தது. அதோடு கவலை நின்றது. கவலை மாடு இரண்டும் போய் எத்தனையோ வருசமாச்சு. ஆனால் அப்பா இப்போது இருக்கிற வருசத்தில் கரண்ட் இன்னும் வரவில்லை.

"அதெல்லாம் எப்பவோ போயிருச்சுங்கப்பா" என்று சொன்னால் என்ன ஆகும்? மாடு செத்த சேதி அவருக்கு அன்றைக்குத்தான் புதிதாய் வந்து சேரும். ஒவ்வொரு நாளும் புதிதாய். அதனால் அம்மா ஆரம்பத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். "மாட்டுக்குத் தவுடு வெச்சிருக்குதுங்க, தின்னு முடியட்டும். நீங்க காப்பித் தண்ணி குடிங்க" என்பாள். அப்பா உட்கார்ந்துவிடுவார். காப்பி முடிவதற்குள் மாடு மறந்துபோகும். டாக்டரிடம் சொன்னபோது, பயிற்சி எடுத்தவர்களும் இதைத்தான் செய்வார்கள் என்றார்: மறுத்துப் பேசாதே, அவர் இருக்கும் இடத்துக்கு நீ போ, அங்கிருந்து மெல்லப் பேச்சைத் திருப்பு. அம்மா அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள்.

பொழுது சாய்கிற நேரம்தான் கஷ்டம். அஞ்சரை, ஆறு மணிக்கு ஒரு பதட்டம் வரும். எழுந்து எழுந்து வாசலுக்குப் போவார். இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேருக்கு இப்படி ஆகுமாம். நிழல் நீண்டு வெளிச்சம் மங்கும்போது குழப்பம் கூடுகிறது. இப்போது அஞ்சு மணிக்கே திண்ணை லைட்டைப் போட்டுவிடுகிறோம். டிவியை நிறுத்திவிடுகிறோம். அந்த நேரத்துக்கு என்றே ஒரு வேலை வைத்திருக்கிறோம், அதுதான் கடலை உரிப்பது. பொழுதுபோக்குக்காகக் கொடுத்த வேலை என்று நினைக்க வேண்டாம். மிசினில் உரித்தால் பருப்பு உடையும், தோல் கீறும், முளைப்பு குறையும். விதைக்குக் கையால் உரித்ததுதான் வேண்டும். சூம்பிய பருப்பை அவர் விரல் இன்றைக்கும் தவறாமல் தள்ளிவிடுகிறது. மகன் பேர் மறந்த மனுசனுக்கு விதை எது என்பது மறக்கவில்லை. இந்த வைகாசியில் அரை ஏக்கருக்கு அவர் உரித்த விதைதான் போட்டோம். முளைப்பு நன்றாக இருந்தது.

தோட்டத்தில் சில மாற்றம் செய்தோம். கிணற்றுக்குச் சுவர் கிடையாது, பழைய கிணறு. மேலே முழுசுக்கும் இரும்பு வலை போட்டோம். மருந்து டப்பா எல்லாம் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போனது. மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் பூட்டு. வாசல் கதவுக்கு கீழே, கண் போகாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள். சட்டைப் பையின் உட்பக்கம் என் போன் நம்பரை அம்மா நூலால் தைத்திருக்கிறாள். டீக்கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் எல்லோரிடமும் விசயத்தைச் சொல்லிவைத்தேன். 'வெளியே சொன்னா மரியாதை போயிரும்' என்று சொந்தத்தில் ஒருத்தர் தடுத்தார். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி ஓடுகிற மாசங்களில் எனக்கு மரியாதையைவிட வாய்க்கால்தான் பயம். ஒருநாள் மத்தியானம் அப்பா காணோம். ஒரு மணி நேரத்தில் வாய்க்கால் மேட்டிலிருந்து ஆடு மேய்க்கும் அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "வாங்க மாமா, மழை வருது, ஊட்டுக்குப் போலாம்னு சொன்னனுங்க, வந்துட்டாரு" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இன்னொரு விசயம். மெல்ல மெல்ல மங்குகிற நோய் இது. ஒரே நாளில் திடீரென்று மோசமானால் வேறு ஏதோ இருக்கும். தை மாசம் இரண்டு நாளில் அப்பா யாரையும் அடையாளம் தெரியாமல் கத்த ஆரம்பித்தார். பார்த்தால் மூத்திரத்தில் கிருமித் தொற்று. மருந்து கொடுத்ததும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். 'நோய் முத்திருச்சு' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

பெங்களூரில் இருக்கும் தம்பி அப்பாவைத் தன்னிடம் கூட்டிப்போனான். மனசாரத்தான் கூப்பிட்டான். பதினோராவது மாடி. அப்பா ஒவ்வொரு சாயங்காலமும் "ஊட்டுக்குப் போகோணும்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லிப்ட் முன்னால் நின்றிருக்கிறார். பத்தே நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டான். 'பாத்தீங்களா, மண்ணை விட்டுப் பிரிச்சா இப்படித்தான்' என்று நானும் எழுதியிருப்பேன், அடுத்த வாரம் நடந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால். ஐம்பது வருசமாகக் குடியிருக்கிற இதே வீட்டில், அவரே செங்கல் சுமந்து கட்டிய வீட்டில், சாயங்காலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சரிங்க, பொழுதாச்சு, ஊட்டுக்குப் போகோணும்."

அவர் தேடும் வீடு பெங்களூரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. அவருடைய அம்மா அடுப்பு மூட்டியிருந்த ஏதோ ஒரு சாயங்காலத்தில் இருக்கிறது. "இருங்கப்பா, நானும் வர்றேன்" என்று சொல்லி, கூடவே களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதே வாசலுக்கு வந்தால் "வந்துட்டோம்" என்று உட்கார்ந்துவிடுகிறார். ஆகவே கிராமம்தான் மருந்து என்று என்னால் சொல்ல முடியாது. கூட நடக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான். இங்கே ஆள் கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கிறது.

அந்த ஆள் யார் என்பதுதான் இப்போது பிரச்சினை.

அம்மாவுக்கு 73. ராத்திரி அப்பா மூன்று தடவை எழுந்தால் அவளும் மூன்று தடவை எழுகிறாள். பங்குனியில் களைப்பு என்று படுத்தாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அம்மணி பிரஷர் பார்த்தார், 180. "நாம் போயிட்டா இவர யாரு கண்ணு பாப்பாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டவுனில் ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்துப் பார்த்தோம். நல்ல பையன். அப்பா அவனை விருந்தாளி என்று நினைத்து, தன் தட்டில் இருந்த இட்லியை எடுத்து வைத்து, "சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க" என்று அவனையே கவனித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கடைசியில் பஸ்ஸும் இல்லை, சிக்னலும் இல்லை என்று நாலாம் நாள் கிளம்பிவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

பிறகு நான், என் மனைவி, தம்பி மூவரும் உட்கார்ந்து ராத்திரி முறை பிரித்தோம், வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பது மாதிரி. வாரத்தில் அஞ்சு ராத்திரி அம்மா தனி அறையில் கதவைச் சாத்தித் தூங்க வேண்டும். அப்பா பக்கத்தில் நான் மூன்று ராத்திரி, மனைவி இரண்டு. தம்பி முதலில் "மாசம் இருபதாயிரம் அனுப்பறேண்ணா" என்றான். "பணம் வேண்டாம்னு சொல்லலடா, ஆனா பணம் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்காது" என்றேன். கோபித்துக்கொண்டான். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது மாசத்தில் ஒரு வாரம் இங்கிருந்து வேலை பார்க்கிறான். சிக்னலுக்காக மேல்நிலைத் தொட்டி மேலே ஏறி மீட்டிங் பேசுகிறான், ஊரே பார்த்துச் சிரிக்கிறது. அந்த வாரம் ஏழு ராத்திரியும் அவன் பொறுப்பு. அம்மாவின் பிரஷர் இப்போது 140-க்கு வந்திருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஊரில் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிசம் போனில் பேசிவிட்டு 'நல்லாத்தானே பேசறாங்க' என்று நினைக்காதீர்கள். அப்பா போனில் இன்றைக்கும் அருமையாகப் பேசுவார். "நல்லா இருக்கியா, மழை உண்டா, கொழந்தைக நல்லா இருக்காங்களா" இந்த மூன்று கேள்வியும் அவருக்கு நினைவாற்றலே இல்லாமல் ஓடும். நோய் தெரிய வேண்டுமானால் இரண்டு ராத்திரி கூடத் தங்க வேண்டும். தங்கும்போது பார்த்துக்கொள்கிறவரிடம், பெரும்பாலும் அது உங்கள் அம்மாவோ அண்ணியோதான், "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்று கேளுங்கள்.

பேங்க், நில விசயங்களை அவர்களுக்கு விவரம் புரிகிற காலத்திலேயே, அவர்கள் சம்மதத்தோடு, வக்கீலை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 'பவர் எழுதி வாங்கிட்டாப் போதும்' என்பார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் அந்தப் பவர் செல்லாது. வயசானவர்களுக்கான அரசு உதவி எண் 14567. வழி தெரியாதபோது முதலில் கேட்க அது ஓர் இடம்.

இன்றைக்கு என் முறை. அப்பா படுத்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு எழுந்து மாடு கேட்பார். மஞ்சளுக்கும் நாளைக்குத் தண்ணி விட வேண்டும். எப்படியும் எழுந்தாக வேண்டியதுதான்.