மையவாடியின் கல்தூண்கள்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாய்ச் செல்பவர்கள் கவனித்திருக்கலாம். பழைய கிடங்குகளின் வாயிலிலும், வெறுமையாய்க் கிடக்கும் மனைகளின் ஓரத்திலும் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றைப் பிணைத்திருந்த முள்கம்பி துருவாகி உதிர்ந்துவிட்டது. இரும்புக் கதவும் போய்விட்டது. அதன் கொண்டியை மாட்டக் குடைந்த துளை மட்டும் கல்லில் இருக்கிறது. வேலி போன பின்னும் அதன் கால்கள் போகவில்லை.

உப்புக் காற்று இரும்பை என்ன செய்யுமென்று வடசென்னைவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மரத்தூணைக் கறையான் அரிக்கும். சிமெண்டுத் தூண் இவ்விரண்டுக்கும் தப்பியதென்று விற்பவர்கள் கூறுவர். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருப்பதும் இரும்புக் கம்பிதானே! உப்பு மெல்ல உள்ளிறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கிறது. பருத்த இரும்பு சிமெண்டைப் பிளக்கிறது. கருங்கல்லுக்குள் கம்பியில்லை, அந்நோயுமில்லை.

இங்கோ மணற்பூமி. சென்னைக்குக் கல் தந்தவை பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் சூழ்ந்த குன்றுகள். கல்கத்தாவில் அடங்கியிருக்கும் ஜாப் சார்னாக் துரையின் கல்லறைக்கும் சென்னைக் கல்லே போயிற்று. அதனால்தான் நிலநூலார் அக்கல்லுக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டனர். விளைந்த மண்ணின் பெயரல்ல, அதன் கீழ் உறங்குபவரின் பெயர் வாய்த்த கல் அது!

தூண் பிளப்பது பொறுமையின் வேலை. பாறையில் நேர்கோடாகச் சிறு குழிகளை உளியால் எடுத்து, இரும்பு ஆப்புகளைச் செருகி, ஒவ்வோர் ஆப்புக்கும் ஓர் அடியாகச் சம்மட்டியால் வரிசையாய் அடித்துச் செல்வார்கள். ஒரே ஆப்பில் வேகங்காட்டினால் கல் கோணிப் பிளக்கும். பாதிப் பாதியாய் அறுந்த அக்குழிகளைத் தூணின் விளிம்பில் பல்வரிசை போல் இன்றும் பார்க்கலாம். அரையடிச் சதுரமும் எட்டடி நீளமுமுள்ள தூண் ஏறத்தாழ 150 கிலோ எடை. இரண்டடிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கிவிட்டால் எளிதில் அசையாது.

அசையாத பொருளைத்தான் எல்லைக்குச் சாட்சியாக்கினார்கள். கோட்டைக்கு எதிரேயுள்ள வெளியில் எவரும் வீடு கட்டலாகாதெனக் கம்பெனியார் நிறுத்திய ஆறு தூண்களில் ஒன்று, 1773 என்ற ஆண்டைத் தாங்கிப் பாரிமுனையில் எஞ்சியிருக்கிறது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டமும் கல்லை நம்பியே நிற்கிறது. நிலத்தின் அடையாளங்களை மாற்றுபவன் அல்லாஹ்வின் சாபத்துக்குரியவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததை அலீ (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

நம் மஹல்லாவின் மையவாடிக்கும் நெடுங்காலமாகக் கல்தூண்களே வேலி. சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத்தார் மதில் எழுப்ப முடிவு செய்தனர், நல்ல முடிவே. ஆனால் மேற்குப் பக்கம் தூண்களை ஒட்டிக் கடைக்கால் தோண்டினால் அண்டை வீட்டுச் சாக்கடை இடையூறாகும் என்றும், மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினால் செலவு குறையுமென்றும் ஒப்பந்தக்காரர் கூறினார்.

"மூன்றடியில் மவுத்தானவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, பாய்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பதில் சொன்னவர் கபர் வெட்டும் முதியவர். "அந்தப் பக்கம் இருநூறடி நீளம். வடக்கும் தெற்குமாய் எட்டடிக்கு ஒன்று வைத்தால் இருபத்தைந்து மையித்துக்கு இடம். அதில் யார் யார் இருக்கிறோமோ!"

கூட்டம் சற்று நேரம் பேசவில்லை. மதிலுக்கு வெளியே தனித்து நிற்கும் தூண்களை ஒருநாள் யாரேனும் சாய்த்துவிட்டால், அம்மூன்றடி வக்ஃபு நிலமென்று சொல்ல வேறென்ன இருக்கிறது என்று நாமும் கேட்டோம். முடிவில் சாக்கடையைத் திருப்பும் செலவுக்கு வசூல் செய்து, தூண்களைப் பிடுங்காமல் அவற்றைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள்.

கிழக்குப் பக்கம் இன்னும் மதில் எழவில்லை. அங்கே பதினான்கு தூண்கள். அவற்றில் ஒன்று மழையில் மண் இளகிச் சாய்ந்திருக்கிறது. இருந்த குழியிலேயே அதை நிமிர்த்தி நடவேண்டும். கல் நடத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்பக்கம் கிடைப்பது அரிதாயிருக்கிறது.