பன்னிரண்டு மல்லிகைச் சரம்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று சொன்னால் போதும், என் நண்பர் பாட்டு வாத்தியாருக்கு விழுப்புரத்திலேயே கால் நடக்கத் தொடங்கிவிடும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை என் தோளைத் தொட்டுக்கொண்டே சுற்றிவிடுவார். எந்த இடத்தில் பாதை திரும்புகிறது என்று எனக்கு அவர்தான் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவர், போன வருஷம் ஓர் அறை பதிவு செய்ய முடியாமல் தெரிந்த ஒருவன் கையில் போனைக் கொடுத்தார். வந்த ரகசிய எண்ணையும் சொன்னார். கணக்கிலிருந்து வாடகையோடு இன்னும் கொஞ்சமும் போய்விட்டது. பெரிய தொகை அல்ல. "பணம் போனதுகூடப் பரவாயில்லை சார். என் பக்கத்திலேயே உக்காந்துகிட்டு எடுத்தான் பாருங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அன்றிலிருந்து போனை யாரிடமும் கொடுப்பதில்லை.

இந்தத் தடவை வட ஒத்தவாடைத் தெருவுக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில் தங்கினோம். அவள் பிள்ளைக்கு இணையதளம் வடிவமைக்கிற வேலை. உள்ளூர் விடுதி ஒன்றுக்குச் செய்த தளத்தைப் பெருமையோடு காட்டினான். அடுத்த பௌர்ணமிக்கு வாத்தியாரின் அக்கா குடும்பத்தோடு வருகிறாள். அவளுக்கு அறை வேண்டும். "நானே பண்றேன், தம்பி" என்றார் வாத்தியார்.

"தாராளமா பண்ணுங்க ஐயா. இதிலே பார்வை இல்லாதவங்களுக்குன்னு எல்லாம் செஞ்சிருக்கு. சோதனையிலே ஒரு தப்புகூட இல்லை."

அவன் சொன்னது பொய்யல்ல. ஊனமுற்றோரும் வலைத்தளங்களைப் பயன்படுத்துவதற்கான விதிகளை டபிள்யூ-த்ரீ-சி என்ற உலக அமைப்பு முதலில் 1999-ல் வெளியிட்டது. 2008-ல் திருத்தி எழுதியது. 2023 அக்டோபரில் இன்னொரு முறை விரிவாக்கியது. நம் அரசாங்கத் தளங்களுக்கும் 2009-லிருந்து ஒரு வழிகாட்டி உண்டு. இந்த விதிகளில் சிலவற்றை யந்திரமே பரிசோதித்து மதிப்பெண் போடும். விடுதி முதலாளி வெள்ளைப் பின்னணியில் வெளிர்த் தங்க எழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டிப் பையன் ஜெயித்துவிட்டான். கண்புரைக்குக் கத்தி வைத்துக்கொண்ட நான் அவனை மனசுக்குள் வாழ்த்தினேன். அந்த விதி இல்லாவிட்டால் முதலாளிக்கு எதிரே அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

வாத்தியார் திரையைத் தடவினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அவர் போனில் எப்போதும் விழித்திருக்கும். "டூ" என்றது. சற்று மௌனம். "நைன் ஹண்ட்ரட்." மறுபடியும் மௌனம்.

"அறைக்குள்ளே யாரோ விக்கிக்கிட்டு இருக்காப்லே இருக்கே" என்றார் வாத்தியார்.

பையன் முகம் சுண்டிப்போயிற்று. துழாவிப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு பக்கமும் தான் எந்த பாஷை என்று ஓர் ஓரத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும். இவன் பக்கம் முழுக்கத் தமிழ்; ஓரத்தில் இருந்தது ஆங்கிலத்துக்கு உரிய இரண்டெழுத்து. ஆங்கிலக் குரல் தமிழைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. எண்ணைக் கண்டால் மட்டும் திறந்தது. பரிசோதித்த யந்திரமோ பாஷை குறித்திருக்கிறதா என்று பார்த்தது; இருந்தது; மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

குறியைத் தமிழுக்கு மாற்றினான். குரலுக்கு உயிர் வந்தது. "இரட்டைப் படுக்கை அறை. மல்லிகைச் சரம் வரைந்த கோடு. மூவர் அறை. மல்லிகைச் சரம் வரைந்த கோடு." ஒவ்வொரு அறைக்கும் நடுவே ஒரு சரம். வாத்தியார் பொறுமையாக எண்ணினார். பன்னிரண்டு.

"பூக்கடைக்குள்ளே வந்துட்டேனா, தம்பி?"

"படத்துக்குப் படம் விளக்கம் எழுதணும்னு விதி, ஐயா" என்று இழுத்தான். அப்புறம் என்னிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "வெறும் அலங்காரமா இருந்தா விளக்கத்தைக் காலியா விடணும்னும் அதே விதியிலே இருக்கு, மாமா. காலியா விட்டா மார்க் குறைஞ்சிடுமோன்னு நான்தான் எழுதிட்டேன்."

பரீட்சைக்குப் படித்த பிள்ளை. நாம் வளர்த்த விதம் அது.

இந்த மாதிரிச் சங்கதி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பாங்கிகளில் கணக்குத் திறக்க வந்தவர் உயிருள்ள ஆள்தானா என்று தெரிந்துகொள்ள, காமிராவுக்கு முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். மோசடியைத் தடுக்கத்தான், நல்ல நோக்கம். அமிலம் வீசப்பட்டு இமையே சிமிட்ட முடியாமல் போனவர் என்ன செய்வார்? பிரக்யா பிரசூன் என்ற பெண்மணியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, இணையவழிச் சேவையைப் பெறுவதும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முந்தின வருஷம் நவம்பரில், ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்று சொன்னது: வெறும் யோசனையாகவே நிற்கும் வழிகாட்டிகள் போதாது, கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து விதியாக்குங்கள் என்று. ஒரு வழக்கில் விதி ஆளை மறந்தது. மற்றதில் விதி இல்லாமல் ஆள் தவித்தார்.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனிமே அந்தப் பட்டியலையே பார்க்கப் போறதில்லை. ஐயா என்ன கேட்கறாரோ அதான். பக்கத்தைத் திறந்த உடனே தானாப் பேசறாப்லே வச்சிடறேன்."

"ஐயையோ! என் போன் ஏற்கெனவே பேசிக்கிட்டிருக்கு. ரெண்டு பேர் ஒரே நேரத்திலே பேசினா எதைக் கேக்கறது?" என்று சிரித்த வாத்தியார், சிரிப்பை நிறுத்தினார். "நான் ஒருத்தன், தம்பி. எனக்குக் காது இருக்கு. உங்க விடுதிப் படம் ஒண்ணு ஓடுதே, அதிலே பேசறது காது கேக்காதவருக்கு எப்படித் தெரியும்? கை நடுங்கறவர் அந்தச் சின்னப் பட்டனை எப்படி அமுக்குவார்? அவங்க யாரும் இன்னிக்கு உங்க வீட்டுக்கு வரலையே. வராதவங்களுக்காக யாரோ எழுதி வச்சிருக்காங்க. அதை ஏன் கிழிக்கறீங்க?"

எனக்குச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் நினைவு வந்தது. தலைச்சுமையை இறக்க இன்னொருவர் கை வேண்டாதபடி, குனியாமல் தள்ளிவிடும் உயரத்தில் நட்டிருப்பார்கள். அந்த உயரத்தை வகுத்தவன் சுமை தூக்கினவனாகத்தான் இருக்க வேண்டும்.

பூக்கள் வாயடைந்தன. வாத்தியார் அறையைத் தேர்ந்து, பணம் கட்டும் இடத்துக்கு வந்தார். ரகசிய எண் வந்தது. குரல் அதை இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல், "நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து" என்று ஜமீன் கணக்கு வாசித்தது. அதை அவர் இலக்கமாக்கித் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது. இரண்டாவது தரமும் அப்படியே. பையன் கை துறுதுறுத்தது; நான் கண் காட்டினேன், அடங்கினான். பணம் வாங்கும் பகுதி வேறு கம்பெனியுடையது, அந்தக் கெடுவைத் தன்னால் மாற்ற முடியாது என்று முணுமுணுத்தான். மறுநாளே அவர்களுக்கு எழுதினான்.

மூன்றாவது தரம் பணம் போயிற்று. வாத்தியார் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பாங்கியிலிருந்து வந்த செய்தியை முழுக்கக் கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

"தொள்ளாயிரம்தான் போயிருக்கு, சார்" என்றார். "கிளம்பலாமா? வெயில் தாழ்ந்திருக்குமே."