அம்மா கேட்ட கேள்வி

அப்பாவுக்கு பைபாஸ் ஒப்பரேசன். முதல்நாள் இரண்டு தாள்கள் தந்தார்கள். முதலாவது சத்திரசிகிச்சைக்கான சம்மதம். இரத்தப்போக்கு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, கிருமித்தொற்று, மரணம் என்று டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். இரண்டாவது, ஓர் ஆய்வுக்காக மேலதிகமாகக் கொஞ்சம் இரத்தம் எடுப்பதற்கு. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"உவையள் கொப்பாவை வச்சுப் பரிசோதிக்கப் போகினமோ? வேண்டாமெண்டு சொல்லு."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒப்பரேசன் முடிந்தபிறகு அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தது. ஐசியு வாசலில் மூன்று நாள் இருந்தோம். பிறகு சரிவந்தது. ஏன் அப்படி வந்தது என்று வீட்டுக்கு வந்து தேடி வாசித்தபோதுதான் யோவாகிம் போல்ட்டின் கதை அகப்பட்டது.

போல்ட் ஜேர்மனியின் பெயர்பெற்ற மயக்கமருந்து நிபுணர். இதய சத்திரசிகிச்சையில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் ஒரு திரவத்தால் நிரப்புவார்கள். அதற்கு மாச்சத்திலிருந்து செய்த ஒரு திரவம் நல்லது என்று 2009இல் கட்டுரை எழுதினார். எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றனவே என்று வாசகர்கள் சந்தேகப்பட்டார்கள். விசாரித்தால், அப்படியோர் ஆய்வு நடந்ததற்கே ஆதாரமில்லை. 2010இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. பிறகு அவருடைய வேறு பல கட்டுரைகளும்.

அப்ப அம்மா கேட்டது சரிதானே? அரைவாசி சரி.

ஏனென்றால் அந்தவகைத் திரவத்தின் ஆபத்தைக் காட்டியதும் ஆய்வுதான். ஸ்கண்டிநேவிய ஐசியுக்களில் கடுமையான கிருமித்தொற்றோடு கிடந்த 798 பேரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு அது. 90 நாளில் மாச்சத்துத் திரவம் பெற்றவர்களில் 51 வீதமானோர் இறந்திருந்தார்கள். ரிங்கர் அசிட்டேட் என்ற உப்புத்திரவம் பெற்றவர்களில் 43 வீதம். கூடுதலானோருக்கு இரத்தச் சுத்திகரிப்பும் தேவைப்பட்டது. நினைவில்லாமல் கிடந்தவர்களுக்காக, எங்களைப்போல வாசலில் இருந்த உறவினர்களும் சம்மதம் கொடுத்திருப்பார்கள். அந்தக் கையெழுத்துகள் இல்லையென்றால், பொய் எண்களை நம்பி இன்னும் எத்தனை பேருக்கு அதை ஏற்றியிருப்பார்களோ.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா.

"அப்ப அந்தத் தாளில கையெழுத்து வச்சிருக்கலாமோ?"

"தெரியேல்லை அம்மா. ஆனா என்னத்துக்கு, ஆர் பாக்கினம், வேண்டாமெண்டா வைத்தியம் குறையுமோ எண்டு கேட்டிருக்கலாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாவது ஒரு கேள்வி கேட்டா.