ரெண்டு மார்க் கேள்வியும் எட்டு போல்ட்டும்

மெட்டலர்ஜி பேப்பர்ல 'ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் என்றால் என்ன?' என்பது ரெண்டு மார்க் கேள்வி. மூணு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். எனக்கு அது புரிஞ்சது கோயம்புத்தூர் பக்கம் ஒரு பிளேட்டிங் யூனிட்டுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனப்பதான்.

அங்கே ஓவன் பார்த்துக்கிற அண்ணன் ஒரு பலகையில் சாக்பீஸால் நேரம் எழுதி வைத்திருப்பார். ஜிங்க் தொட்டியிலிருந்து வெளியே வந்த 12.9 கிரேடு போல்ட் நாலு மணி நேரத்துக்குள் ஓவனுக்குள் போயாகணும். 200 டிகிரி அளவில் பல மணி நேரம் கிடக்கணும். 8.8 கிரேடுக்கு இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. "ஏன்ணே, பலமான போல்டுக்கு எதுக்கு இவ்ளோ கவனிப்பு?"னு கேட்டேன். "தம்பி, பலமானதுதான் படக்குனு போகும்" என்றார். லாரி வந்து நிற்குது, சீக்கிரம் எடுனு சூப்பர்வைசர் கத்தினாலும் அசைய மாட்டார்.

அவர் சொன்னது உண்மை. துருவை எடுக்க ஆசிடில் முக்கும்போதும், மின்முலாம் பூசும்போதும் எஃகின் மேல் ஹைட்ரஜன் அணுக்கள் உருவாகின்றன. பெரும்பாலானவை ஜோடி சேர்ந்து குமிழியாகப் போய்விடும். சில, ஜோடி சேர்வதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடும். ரொம்பச் சின்ன அணு அது, இரும்பின் படிக இடைவெளிகளில் நடந்து போக அதுக்கு இடம் போதும். போல்ட்டை முறுக்கியதும் தகைவு அதிகமுள்ள மரையடிக்கு மெதுவாக நகர்ந்து சேரும். அங்கே அது விரிசலை எப்படி வளர்க்கிறது என்பதில் இன்னும் ஒரே கருத்து கிடையாது. ஆனால் கடினமான எஃகு வளைந்து கொடுக்காது, அதனால் முதலில் மாட்டுவது அதுதான். ஓவன் சூடு, உள்ளே போனதை முறுக்குவதற்கு முன்பே வெளியேற்றத்தான்.

1875-லேயே டபிள்யூ. எச். ஜான்சன் இதை ராயல் சொசைட்டியில் எழுதிவிட்டார். ஆசிடில் நனைத்த இரும்புக் கம்பி எளிதில் முறிந்தது. முறிந்த முகத்தை ஈரப்படுத்தினால் குமிழி வந்தது. கொஞ்ச நாள் சும்மா வைத்தால் பழைய குணம் திரும்பியது. அந்தக் குமிழியைப் பார்த்த மனுஷனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பயமுறுத்துவது தாமதம்தான். சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பே பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில் 3 அங்குல விட்டமுள்ள 96 நங்கூரக் கம்பிகளை 2013 மார்ச்சில் இழுத்து இறுக்கினார்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தன. அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக 32 உடைந்தன. கம்பிகள் 2008-லிருந்து தண்ணீர் தேங்கிய குழிகளில் நின்றிருந்தன. எஃகும் தேவைக்கு மேல் கடினம். இங்கே ஹைட்ரஜன் வந்தது துருப்பிடித்தலிலிருந்து. மிச்சக் கம்பிகளையும் நம்பாமல், அவற்றின் வேலையைச் செய்ய ஓர் எஃகுச் சேணம் கட்டிய பிறகுதான் நிம்மதியானார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்ம பாஜா டீம் வேலைக்கு வந்தால், சஸ்பென்ஷனுக்கு வாங்கி வைத்திருந்த எட்டு போல்ட்டும் ஜிங்க் பூசிய எம்8, 12.9. பளபளனு இருந்துச்சு. "பேக் பண்ணதா அண்ணே?"னு கடையில் கேட்டேன். "பேக்கிங் கவர்லதான் தம்பி தர்றோம்" என்றார். சர்டிபிகேட்டும் இல்லை. டார்க் ரென்ச் வைத்து இறுக்கிப் பார்த்தா தெரிஞ்சிடாதானு டீம்ல கேட்டாங்க. இறுக்கும்போது தெரியாது, ரெண்டு நாள் கழித்து நம்ம செகண்ட் இயர் தம்பி ஓட்டும்போது தெரியலாம். எம்8 12.9 தாங்குவது சுமார் 44 கிலோநியூட்டன், எம்10 8.8 சுமார் 46. ஓட்டையைப் பெரிசாக்கி எம்10 போட்டோம். எடை கூடிப்போச்சுனு டிசைன் ஹெட் இன்னும் என்கிட்ட சரியா பேசுறதில்லை.