காதுக்குப் பின்னால்

ஹேர்பேண்ட் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் பூவை அல்ல, இரண்டு முனைகளைத்தான். காதுக்குப் பின்னால் எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் இடத்தில் அந்த முனைகள் போய் உட்காரும். அங்கே அழுத்தினால் அரை மணி நேரத்தில் தலை விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிடும். பூ எத்தனை அழகாக இருந்தாலும் போட்டவள் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள், மறுபடி எடுக்க மாட்டாள். வீட்டில் இருந்தபடியே ஹேர்பேண்ட், ஸ்க்ரன்ச்சி, கிளிப் என்று செய்து விற்கிறவள் நான். போட்டிருப்பதே மறந்துபோகிற பேண்டைத்தான் நல்ல பேண்ட் என்பேன்.

வலி என்றதும் சிலர் மிகைப்படுத்துவதாக நினைக்கிறார்கள். இறுக்கமான தொப்பி, ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, தலைப்பட்டை இவற்றால் வரும் தலைவலிக்கு மருத்துவர்களின் சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து அழுத்துவதால் வருவது, அழுத்துவதை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவது என்று வரையறுத்தும் வைத்திருக்கிறார்கள். பள்ளிவிட்டு வந்ததும் பெண் குழந்தை முதல் வேலையாகப் பேண்டைப் பிடுங்கி எறிகிறாள் என்றால், அவளுக்குப் பிடிவாதம் என்று திட்டுவதற்கு முன் பேண்டைக் கொஞ்சம் பாருங்கள்.

கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும் பிளாஸ்டிக் பேஸ் எல்லாத் தலைக்கும் ஒரே வளைவில்தான் வரும். வாங்கி வந்ததும் ஒவ்வொன்றின் முனையையும் விரலால் தடவுவேன். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிக்கொண்ட பிசிறு பெரும்பாலும் இருக்கும். அதை அரம் வைத்துத் தேய்த்த பிறகுதான் மற்ற வேலை. இறுக்கமாக இருப்பவற்றைத் தடிமனான நோட்டுக் கட்டின்மேல் மாட்டி இரவு முழுக்க விட்டால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். கண்ணாடி போடுகிற பெண்களுக்குச் செய்யும்போது இன்னொரு கணக்கும் சேரும். கண்ணாடியின் கால் ஏற்கெனவே காதுமேல் இடம் பிடித்திருக்கிறது. பேண்ட் முனையும் அதன்மேல் ஏறினால் இரட்டை அழுத்தம். அதனால், கண்ணாடியோடு வாருங்கள் என்றுதான் அளவெடுக்கக் கூப்பிடுவேன்.

பேஸுக்குத் துணி சுற்றுவதிலும் சூட்சுமம் உண்டு. நேர்வாட்டில் வெட்டிய பட்டையை வளைவில் ஒட்டினால் வெளிப்பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும், உட்பக்கம் சுருக்கம் விழும். கிராஸில் வெட்ட வேண்டும். ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்வார். துணியின் ஊடும் பாவும் 45 டிகிரியில் சாய்ந்து வரும்படி வெட்டினால், நூல் நீளாது என்றாலும் துணி நீளும். வளைவுக்கு ஏற்றபடி தானாகப் படியும். கிராஸ் வெட்டுக்குத் துணி அதிகம் வீணாகும் என்று பலர் தயங்குகிறார்கள். நான் தயங்குவதில்லை. அந்த உட்பக்கச் சுருக்கம்தான் நாள் முழுக்கத் தோலில் உரசப்போகிறது.

நான் இருப்பது திருப்பூரில். துணிக்கு இங்கே பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளில் கட்டிங் முடிந்ததும் மிஞ்சும் துண்டுகள் எடைக்கு வந்துவிடும். பொடித் துண்டுகளைத் திரும்ப நூலாக்க மில்லுக்கு அனுப்புகிறார்கள். கொஞ்சம் பெரிய பிட்டாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டால் எனக்குப் போதும். காதர்பேட்டைப் பக்கம் போனால் செகண்ட்ஸ் துணியும் கிடைக்கும். பூவும் கல்லும் வாங்க வேறு ஊருக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். தலைக்கு எது சுகம் என்று கேட்டால் என் வாசலிலேயே கிடைக்கிற பனியன் துணிக்கு நிகராக ஒன்றையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். பனியன் துணி தறியில் நெய்ததல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னியது. சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் மெல்லிய துணியை வெட்டிய மாத்திரத்தில் ஓரம் சுருண்டுகொள்ளும். நீளவாக்கில் வெட்டிய ஓரம் துணியின் பின்பக்கமாகச் சுருளும், குறுக்கே வெட்டியது முன்பக்கமாகச் சுருளும். ரிப், இன்டர்லாக் இரண்டும் அப்படிச் செய்யாது. சாதாரண ஊசியைப் போட்டால் கண்ணி அறுந்து, இரண்டு முறை துவைத்ததும் வரிசையாக ஓட்டை தெரியும். முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி வேண்டும், அது கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் இழுவையின் திசை. பின்னல் துணி நீளவாக்கில் கொஞ்சம்தான் நீளும், குறுக்குவாட்டில்தான் நன்றாக நீளும். அந்தக் குறுக்கு இழுவை தலையைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும். திசை மாறினால் அதே துணி, அதே அளவு, ஆனால் நெற்றியைக் கவ்விப் பிடிக்கும்.

முன்னால் முறுக்கு வைத்த பேண்டைத்தான் கல்லூரிப் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். 20 அங்குல நீளம், 9 அங்குல அகலம் இருந்தால் பெரியவர்களுக்குச் சரியாக வரும். நீளவாக்கில் மடித்துத் தைத்துக் குழாயாக்கி, உள்பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரி ஊக்கு மாட்டி வெளியே திருப்புவேன். தையலை நடுவில் கொண்டுவந்து, தையல் மேலே தெரியும்படி வைத்து, இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று பாதி அகலம் ஏறும்படி வைப்பேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதிகளை ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளுமாறு மடித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தையல். திருப்பினால் முறுக்கு வந்திருக்கும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும், புதிதாகக் கற்க வருகிற பெண்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நான் அப்போதும் உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். அந்தத் தையலில் துணி எட்டு மடிப்பாகச் சேர்ந்திருக்கும். கனத்த துணியில் செய்தால் உச்சியில் ஒரு கட்டை வைத்தது போலத் துருத்தும். துணியின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கில் 140, 160க்கு மேல் இந்த மாடலுக்கு நான் எடுப்பதில்லை. 220 ஜிஎஸ்எம் ரிப் துணியை முறுக்கில்லாத நேர்ப் பட்டைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரன்ச்சியும் உறுத்தக் கூடாது என்ற இதே யோசனையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ரோமி ரெவ்சன் என்ற பாடகி, சேதப்பட்ட தன் முடியைப் பிளாஸ்டிக் பேண்டுகள் மேலும் பிய்ப்பது பொறுக்காமல் அதை உருவாக்கி, 1987இல் காப்புரிமை பெற்றார். பைஜாமா இடுப்பில் எலாஸ்டிக்கைத் துணி மூடியிருப்பதைப் பார்த்துத் தோன்றியது என்பார்கள். அலங்காரம் பிறகு வந்தது. முடிக்கு நோகக் கூடாது என்பதுதான் முதல் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பாக இருக்கும்.

நம் பெண்களின் தலைக்கு இன்னொரு விஷயம், எண்ணெய். எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடியில் சாட்டின் சுற்றிய பேண்ட் நிற்காது, பின்னால் வழுக்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் பல்வைத்த பேஸ்கள் வருகின்றன. அந்தப் பல் வகிட்டோரம் குத்துவதும் முடியைப் பிய்ப்பதும் எனக்குப் பிடிக்காது. உட்பக்கம் மெல்லிய வெல்வெட் பட்டை வைத்தால் போதும், எண்ணெய்த் தலையிலும் பிடித்து நிற்கும். எண்ணெய் பட்டுப்பட்டு வெல்வெட் அழுக்காகும் என்பது உண்மைதான். அதனால் அதை ஒட்டாமல் நூலில் தொட்டுத் தொட்டுத் தைத்துவைக்கிறேன். பிரித்துத் துவைக்கலாம், வேறு மாற்றலாம்.

பூவையும் அப்படியேதான். க்ளூ கன்னில் ஒட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தப் பசை சூட்டில் உருகுகிற சரக்கு. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் இரண்டு மணி நேரம் இருந்தாலே இளகிப் பூ சாய்ந்துவிடும். உட்பக்கம் பசை வழிந்து உறைந்த இடம் சொரசொரவென்று நின்று முடியை இழுக்கும். பூவுக்கு அடியில் வட்டமாக ஃபெல்ட் துணி வைத்து ஊசி நூலால் பிடித்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சாட்டின் இதழின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கும்போதும் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் ஓரம் உருகி மணியாக உறையும். அதிகம் காட்டினால் அந்த மணிகள் முள்ளாகிவிடும். ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் மணிக்கட்டின் உட்பக்கத் தோலில் இழுத்துப் பார்த்துத்தான் கோர்ப்பேன், கீறுவதைக் கழித்துவிடுவேன்.

அதிகம் வருவது முதல் பிறந்தநாள் ஆர்டர்கள். பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தி வந்த கையோடு அம்மாக்கள் வருவார்கள். மொட்டைத் தலையில் பெண் குழந்தை என்று தெரிய வேண்டும், கேக் வெட்டும் போட்டோவில் அழகாக இருக்க வேண்டும்.

“அக்கா, பூவு பெருசா வெச்சுக் குடுங்க, போட்டோவுல நல்லாத் தெரியோணும்.”

“வெச்சுத் தரேன் கண்ணு. போட்டோ எடுத்ததும் கழட்டிரோணும். தூங்கறப்ப தலையில இருக்கவே கூடாது.”

இதை நான் சொல்லாமல் ஒரு பேண்டும் என் வீட்டைவிட்டுப் போனதில்லை. பேண்ட் நழுவி மூக்குமேல் வந்தால் குழந்தைக்கு விலக்கத் தெரியாது. முத்தோ கல்லோ உதிர்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். அதனால் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முத்து, கல், மணி எதுவும் நான் வைப்பதில்லை, எவ்வளவு கேட்டாலும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர். ஒரு வயதில் அது 45 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். அதிலும் முதல் மூன்று நான்கு மாதத்தில்தான் கிடுகிடுவென்று வளர்கிறது. பிறந்தபோது வாங்கியதை மூன்றாம் மாதம் மாட்டினால் இறுக்கத்தானே செய்யும்? உச்சிக்குழி மூட ஒன்று, ஒன்றரை வயதாகும். அந்தத் தலைக்கு எலாஸ்டிக்கே வேண்டாம், லைக்ரா கலந்த மெல்லிய பனியன் துணி தருகிற பிடி போதும். மொட்டைத் தலையில் முளைவிடும் முடி லேஸில் மாட்டிக்கொண்டு குழந்தையைச் சிணுங்கவைக்கும், அதனால் லேஸுக்கு அடியில் பருத்தி லைனிங் கட்டாயம்.

விலை பேசும்போதுதான் சங்கடம். கடையில் இருபது ரூபாய்க்கு மாட்டித் தொங்குகிறதே என்பார்கள். என் கணக்கு எளிமையானது. இதே நேரத்துக்குப் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்தால் எனக்கு என்ன கூலி கிடைக்குமோ, அதை நேரத்துக்கு வகுத்துச் சாமான் விலையோடு சேர்ப்பேன். வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் துணிக் காசையும் நூல் காசையும் எழுதிவைக்கிறார்கள், தங்கள் கைக்கு ஒன்றும் எழுதுவதில்லை. சும்மா இருக்கிற நேரம்தானே என்று வீட்டில் சொல்வதை அவர்களே நம்பிவிடுகிறார்கள். கண் எரிய எரிய உட்கார்ந்து தைத்ததை ஓய்வு நேரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒருமுறை, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தார். முடி முழுக்க உதிர்ந்துவிட்டிருந்தது. கடையில் வாங்கிய தொப்பியைக் கழற்றிக் காட்டினார். தையல் ஓடிய தடம் தலையில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. “ராத்திரி தலகாணியில சாஞ்சா இந்தத் தையல் உறுத்துதுங்க” என்றார். முடி என்ற மெத்தை இல்லாத தலைக்கு ஒவ்வொரு நூலும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவருக்கு டர்பன் தைக்க எடுத்த ரிப் துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு அலசல் போட்டு, வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் நிழலில் உலர்த்தினேன். எலாஸ்டிக் வைக்கவில்லை. தையல் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் கொண்டுவந்து, அதை மூட மேலே ஒரு பட்டை ஓட்டி, அந்தப் பட்டையையே டிசைனாக்கினேன். நிறம் கேட்டபோது யோசிக்காமல் மாம்பழ மஞ்சள் என்றார். அதற்குப் பிறகு மாற்றிக் கட்ட நாலைந்து கேட்டு வாங்கிப் போனார், அவர் சொல்லி வேறு சிலரும் வந்தார்கள். மடிப்பு எங்கே வந்தால் படுக்கையில் உறுத்தாது, நெற்றியில் வேர்வை எங்கே தேங்குகிறது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மாடல் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

போன மாதம் அவர் மறுபடி வந்தபோது முடி இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. டர்பன் போதும், இனிமேல் கிளிப் வேண்டும் என்றார். குட்டை முடியில் டிக் டாக் கிளிப் நிற்காது, இறுக்கமாக எடுத்தால் புதிதாக வந்த முடியைக் கடிக்கும். மிகச் சிறிய அளவில் எடுத்து, வாயின் உட்பக்கம் மெல்லிய வெல்வெட் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, வெல்வெட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சரியாகும் என்று தோன்றுகிறது. மேலே சுற்ற அந்த மஞ்சள் ரிப்பில் ஒரு பிட்டு மிச்சம் இருக்கிறது.